எலுமிச்சை இலைக்கு ஒரு பதில்

நேப்பிள்ஸ்
சான் ஜென்னாரோ திருநாளுக்கு மறுநாள்

அன்புத் தம்பி அஸ்ப்ரேனோவுக்கு,

அக்கா ரெஸ்தித்தூத்தா எழுதுவது. நான் ஒருமாதிரி நன்றாகவே இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பதாகத் தீவிலுள்ள சிறை அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு மேல் உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு யாரும் இல்லை, நீ உட்பட. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் பார்க்கிற அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. படித்து முடித்ததும் மறக்காமல் அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

நேற்று பேராலயத்துக்குப் போனேன். முன்வரிசையை நம் தெருப் பெண்கள் வழக்கம்போலப் பிடித்திருந்தார்கள். குப்பிக்குள் உறைந்திருக்கிற புனிதரின் ரத்தம் திருநாள்தோறும் உருகுமே, அது இந்தத் தடவை உருக நேரமாகிவிட்டது. முதலில் ஜெபம் சொன்னார்கள், அப்புறம் கெஞ்சினார்கள், அப்புறம் புனிதரையே திட்ட ஆரம்பித்தார்கள் பார்: "ஏ மஞ்ச மூஞ்சி, எம்புட்டு நேரம் காக்க வைப்பே? எங்களுக்கு வேற சோலி இல்லைன்னு நெனச்சியா?" என்று. ஆயர் காது கேளாதவர் மாதிரி நின்றார். கடைசியில் உருகியது. பக்கத்தில் நின்ற மீன்காரி என் விலாவில் இடித்து, "பாத்தியா, நல்ல வார்த்தைக்கு மசியாதவன் திட்டுக்கு மசிவான்" என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. ஆகவே இந்தக் கடிதத்தில் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்.

இந்த ஊர்ச் சிறையில் இருந்தவரை வியாழக்கிழமைதோறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காரவாவது செய்தாய். பேசமாட்டாய், நான் பொரித்துக் கொண்டுவந்த மிளகாயைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டாய், ஆனால் முகமாவது தெரியும். ஈஸ்டருக்குப் பிறகு உன்னைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அதிலிருந்து நான் பார்க்க வர மனுப் போட்டால் நீ வேண்டாம் என்கிறாய். தொலைபேசிக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. நான் என்ன கேட்டுவிட்டேன் உன்னை? போலீஸ் எடுத்த அந்தக் கள்ளச் சரக்குப் பெட்டிகள் உன் பட்டறைச் சோபாவின் வயிற்றுக்குள் எப்படி வந்தன என்று ஒருநாளாவது கேட்டேனா? நீதிபதிமுன் "எல்லாம் என்னுதுதான்" என்று நீ சொன்ன அந்த ஒரே வாக்கியத்தை நான் மறுத்தேனா? தெருவே என்னைப் பார்த்தது, நான் தரையைப் பார்த்தேன். உன் மகன் சபத்தீனோ தீர்ப்புக்கு முன்பே ஜெர்மனிக்கு ரயில் ஏறியதைப் பற்றியும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஐயா, இது வெறும் பயண விவரம், வேறொன்றுமில்லை.

நம் பாட்டுக்குழு நடக்கிறது. உன் சோபாப் பட்டறையின் பூட்டைத் திறந்துவிட்டார்கள், அங்கேதான் ஒத்திகை. போலீஸ் கிழித்த பச்சை சோபா நடுவில் அப்படியே கிடக்கிறது. கிதார்க்காரன் கௌதியோசோ அதைத் தவிர வேறெதிலும் உட்கார மாட்டேன் என்கிறான், உட்கார்ந்துகொண்டு கம்பி குத்துகிறது என்று புலம்புகிறான். தம்மோர்ரா பறையும் முதல் குரலும் நான். உன் மாண்டலினுக்கு எர்சீலியா என்று ஒருத்தி வந்திருக்கிறாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியை, நல்ல விரல். ஆக மூன்று பேர். கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் மூன்று பேர் போதும். நையாண்டிப் பாட்டு, பறைப்பாட்டு, காதல்பாட்டு எல்லாம் போகிறது. எலுமிச்சை இலைப் பாட்டு மட்டும்தான் நின்றுவிட்டது, அதற்குப் பதில் குரல் வேண்டுமே.

எர்சீலியா அன்றைக்குக் கேட்டாள், "ஏன்க்கா, அதை ஒருத்தரே பாடினா ஆகாதா?" என்று. நான் வாய் திறக்கும் முன்பே கௌதியோசோ, "ஒருத்தரே பாடினா அது பாட்டு இல்லம்மா, பொலம்பல்" என்றான். பிறகு நான் அவளுக்கு விவரம் சொன்னேன். சிறைச்சுவருக்கு வெளியே நின்று 'எலுமிச்சை இலையே' என்று தொடங்கி வீட்டுச் செய்தியைப் பாட்டாகச் சொல்வார்கள். உள்ளே இருப்பவன் நம் கடைசிச் சொல்லை எடுத்து, அதிலேயே தன் பதிலைத் தொடங்குவான். காவல்காரன் காதுக்கு அது வெறும் பாட்டு. யார் பெயரும் வராது. எழுதிவைத்துப் பாட முடியாது, அந்த நேரத்தில் வாயில் வருவதுதான், அதனால் இலைப்பாட்டில் பொய் நிற்காது என்பார்கள். எத்தனை வருஷம் நாம் இதை மேடையில் பாடினோம். நீ கம்பிக்குப் பின்னால் நிற்பதுபோல நடிப்பாய், சனம் கைதட்டும். இப்போது நிஜமாகவே நீ உள்ளே இருக்கிறாய், நான் வெளியே இருக்கிறேன், பாடத்தான் வழியில்லை.

வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. உருளைக்கிழங்கு போட்டு ஒருத்திக்கு மட்டும் பாஸ்தா வேகவைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, மூன்று நாளைக்கு அதையே சுடவைத்துச் சாப்பிடுகிறேன். எண்ணெய் டின்னில் நீ வைத்த எலுமிச்சை இரண்டு காய் பிடித்திருக்கிறது. தெருவில் யாராவது சீட்டியடித்தால் நீயோ என்று எழுந்து ஓடுகிறேன், ஓடிப்போய் நின்ற பிறகுதான் புத்தி வருகிறது. ஒரு வரி எழுது. எழுத ஒன்றும் தோன்றவில்லையென்றால் நம் ஆட்டப்படி என் கடைசிச் சொல்லையாவது எடுத்துக்கொள். இன்னும் சாத்தாமல்தான் வைத்திருக்கிறேன் உன் அறை ஜன்னல்.

மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா
ரெஸ்தித்தூத்தா


நேப்பிள்ஸ்
அக்டோபர், மழை நாள்

அன்புத் தம்பிக்கு,

ஜன்னல் வழியாக மழை வந்து உன் மெத்தை பாதி நனைந்துவிட்டது. என் கடைசிச் சொல்லை நீ எடுக்கவில்லை, ஆகவே நானே எடுத்துக்கொண்டேன். கூப்பிடுகிறவளே பதிலும் சொல்வது நம் ஆட்டத்தில் கிடையாது. வேறு என்ன செய்வது என்று நீயே சொல்.

தொண்டை கொஞ்ச நாளாகக் கட்டியிருக்கிறது. கௌதியோசோ தேன் என்றான், உப்புத் தண்ணீர் என்றான், பிறகு கோபம் வந்து, "டாக்டர்ட்ட போறியா, இல்ல நான் தூக்கிட்டுப் போகவா?" என்றான். போனேன். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வயதுக்குத் தகுந்த தொந்தரவு, நீ ஒன்றும் யோசிக்காதே.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் தீவில் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு நம் குழுவை அழைத்திருக்கிறார்கள். ஏற்பாடு செய்கிறவர் தொலைபேசியில், "பீட்சாக் கடையில பாடுவாங்களே மேடம், அந்தப் பாட்டெல்லாம் இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு, கடைசியில பாடுவோம், அதுவரைக்கும் நீங்க உக்காந்திருந்தா" என்றேன். அவர்கள் அச்சடித்து அனுப்பிய நிகழ்ச்சித் தாளில் இலைப்பாட்டுக்கு நேராக 'வேளாண் பாடல்கள், எலுமிச்சை சாகுபடி' என்று இருக்கிறது. கௌதியோசோ சிரித்துச் சிரித்துச் சோபாக் கம்பியில் குத்துப்பட்டான். "தூத்தா, உரம் போடறதைப் பத்தியும் ரெண்டு வரி சேத்துக்கோ" என்கிறான்.

ஆமாம், இலைப்பாட்டை மறுபடியும் எடுக்கிறோம். பதில் குரலுக்கு எர்சீலியா. இதில் எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. நான் முடியாது என்று பறையைக் கீழே வைத்துவிட்டேன். கௌதியோசோ எழுந்து வந்து, "அவன் வர்ற வரைக்கும் பாட்டை ஐஸ்ல வச்சிருப்பியா? நாம மூணு பேரும் செத்தா அப்புறம் யார் அவனுக்குப் பாடறது?" என்று கேட்டான். அவன் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. எர்சீலியா பாவம், மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அது உங்க தம்பி இடம். நான் எடுத்துக்கல, சும்மா காவல் இருக்கேன்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும். சரி என்றேன். அன்று வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திருவிழா ஊர் உன் சுவரிலிருந்து வண்டியில் அரைமணி தூரமாம். மறுநாள் எங்களுக்கு வேலை எதுவும் இல்லை, கப்பல் மாலையில்தான். பார்க்க விடச் சொல்லி மனுப் போடப் போவதில்லை, நீ வேண்டாம் என்பாய். ஆனால் சிறைக்கு வெளியே போகிற சாலை எல்லாருக்கும் பொது, அதில் மூன்று பேர் காலாற நடந்தால் யாரும் தடுக்க முடியாது என்று எர்சீலியா சொல்கிறாள். ஐயா, நாங்கள் மலையடிவாரம் பார்க்க வருகிறோம், அவ்வளவுதான். தம்பி, சாப்பாட்டுக்குப் பிறகு உங்களை முற்றத்தில் நடக்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத் தலைவலி என்று படுத்துவிடாதே. எனக்கு இப்போது ஒரே கவலைதான், அந்தப் பக்கம் நவம்பரில் எங்கிருந்து அடிக்குமோ காற்று.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

உன் அக்கா
ரெஸ்தித்தூத்தா


நேப்பிள்ஸ்
நவம்பர்

அன்புத் தம்பிக்கு,

காற்று எங்கள் முகத்துக்கு நேராகத்தான் அடித்தது. கடலில் இருந்து வந்து, உங்கள் சுவரைத் தாண்டி, என் வாய்க்குள்ளேயே புகுந்தது. இதை நீ அறிந்திருப்பாய், நீ அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் வெளிப்பக்கத்துக் கதையை நான் சொல்ல வேண்டும்.

முதலில் திருவிழா. நல்ல கூட்டம். பறைப்பாட்டுக்குக் கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். பிறகு விளக்கைக் குறைக்கச் சொல்லி, கிதாரையும் பறையையும் நிறுத்தி, நான் காதில் கை வைத்து எலுமிச்சை இலையே என்று எடுத்தேன். குரல் கரகரத்தது, ஆனால் நின்றது. எர்சீலியா பிசகில்லாமல் என் கடைசிச் சொல்லை எடுத்தாள், அழகாகவே பதில் சொன்னாள். கைதட்டல் ரொம்ப நேரம் ஓயவில்லை. மேடையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், முன்னால் ஒரு ஊரே நின்றது, அப்படித் தனியாக நான் என் வாழ்நாளில் நின்றதில்லை. பிறகு பீட்சாக் கடைப் பாட்டுகளையும் பாடிவிட்டு இறங்கினோம்.

மறுநாள் கௌதியோசோ இரவல் வண்டி ஒன்றில் எங்களைக் கூட்டிப்போனான். நான் கோட்டை மாதிரி ஏதோ நினைத்திருந்தேன். புதுக் கட்டடம், சிமெண்டு, நாலாபக்கமும் வெறும் காடு, ஜன்னலுக்கெல்லாம் தகரத்தில் மறைப்பு. எந்தப் பக்கம் உங்கள் முற்றம் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கௌதியோசோ விரலை நனைத்துக் காற்றைப் பார்த்துவிட்டு, "தூத்தா, இங்க நின்னு பாடினா பாட்டு திரும்ப நேப்பிள்ஸுக்கே போயிரும்" என்றான். சுற்றி அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் காற்று எதிரில்தான். சுவருக்கு உள்ளே பந்து உதைக்கும் சத்தம் கேட்டது, அதை அடையாளமாக வைத்து நின்றேன்.

வாய் திறப்பதற்குள் கோபுரத்திலிருந்து காவலர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "என்னம்மா, யாரு வேணும்?" என்று கேட்டார். "யாரும் வேண்டாம்ப்பா, பாடப் போறேன்" என்றேன். "இங்கயா? இங்க நின்னு உள்ள இருக்கறவங்கட்ட பேசக் கூடாது, தெரியுமில்ல?" என்றார். "பேசவே மாட்டேன்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டாவது பாட்டு பாடினீங்கன்னா நான் கீழ போன் போடணும்" என்றார். அப்படியானால் முதல் பாட்டுக்குப் போடமாட்டார் என்று அர்த்தம். நல்ல மனிதர், அவர் தாயார் நன்றாக இருக்கட்டும். ஐயா, இதைப் படித்து அவரைத் தேடிப் பிடிக்காதீர்கள், எந்தக் கோபுரம் என்று நான் எழுதவில்லை.

பாடினேன். நீ கேட்டிருப்பாய் என்று நம்புகிறேன், ஆனாலும் காற்று பாதியைத் தின்றிருக்கும், ஆகவே முழுதாக எழுதுகிறேன்:

எலுமிச்ச இலையே,
கடல் தாண்டி வந்தேன் காலைக் கப்பல்ல,
டின்னுல வச்ச செடி ரெண்டு காய் காச்சிருக்கு,
ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு யாருக்கு?

பந்து உதைக்கும் சத்தம் நின்றுவிட்டது. எர்சீலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளே பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவள் விரலை நெரித்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து குரல் எழுந்தது. "யாருக்குன்னு" என்று என் சொல்லை எடுத்தது. அந்த ஒரு சொல் மட்டும், தம்பி, அந்த ஒரு சொல் வரைக்கும் அது நீதான் என்று நினைத்தேன். அடுத்த சொல்லில் தெரிந்துவிட்டது. நம் ஊர்க் குரல்தான், துறைமுகப் பக்கத்து இழுப்பு, ஆனால் உன்னுடையது இல்லை.

யாருக்குன்னு கேக்குறியே அக்கா, பேரு சொல்லாம கேக்குறியே,
எங்க எல்லாருக்கும் ஒரு அக்கா இருக்கா, எவன்னு நான் சொல்ல?
நெத்திய செவுத்துல வச்சு ஒருத்தன் என் பக்கத்துல நிக்கிறான்,
காது இருக்கு, கண்ணீர் இருக்கு, வாய் மட்டும் அவனுக்கு வரலை.

கௌதியோசோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு உடனே பதில் பாட வேண்டும், அந்த மனிதர் சொல்லைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார், இலைப்பாட்டைப் பதிலில்லாமல் விடுவது நம்மவர்களிடம் கிடையாது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. இரண்டு தடவை முயன்றேன். கோபுரத்துக் காவலர் முதுகைத் திருப்பிக்கொண்டு காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டாவது பாட்டையும் கேட்காததுபோல இருக்கத்தான் அப்படி நின்றார் என்று நினைக்கிறேன். நான்தான் பாடவில்லை.

வண்டியில் கௌதியோசோ என்மேல் பாய்ந்தான். "அஸ்ப்ரேனோன்னு பேரைச் சொல்லியிருந்தா கண்டவன் ஏன் பதில் சொல்றான்? உன் தம்பிக்குத்தான் சொரணை வந்திருக்கும்" என்றான். "எந்த ஊர்லடா பேரைச் சொல்லி இலைப்பாட்டு பாடினாங்க?" என்றேன். "ஆமா, உனக்குத் தம்பியைவிட முறை முக்கியம்" என்றான். அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. முறை தவறிப் பெயரைச் சொல்லியிருக்கலாமோ என்று கப்பல் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். எர்சீலியா ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்தாள், அதைத் தின்னாமலேயே இறங்கிவிட்டேன்.

ஆக, நெற்றியைச் சுவரில் வைத்து நின்றது நீதானே? அந்த மனிதர் ஆளை மாற்றிச் சொல்லவில்லையே? உன்னிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை, ஒரு சொல் போதும். எல்லாருக்கும் எல்லாம் வருகிறது, உனக்கு மட்டும் வரலை.

உன் அக்கா
ரெஸ்தித்தூத்தா


நேப்பிள்ஸ்
கிறிஸ்துமஸ் நெருங்குகிறது

என் அன்புத் தம்பி அஸ்ப்ரேனோவுக்கு,

வரலை என்று முடித்த மனிதருக்கு முதலில் பதில் கொடுத்துவிடுகிறேன், அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பெயர் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதுவதை அவரிடம் வாசித்துக் காட்டு. உன் வாயால் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் தாளைக் கொடுத்துவிடு.

வரலைன்னு சொன்ன மகராசா, உன் பாட்டு வந்து சேந்துச்சு,
எதிர்க்காத்துல ஏறி வந்துச்சு, என் உசுருக்குள்ள சேந்துச்சு,
உன் அக்கா எந்த ஊர்ல நிக்கிறா, எந்தச் செவுரப் பாத்து நிக்கிறா?
அவ வராத நாளைக்கெல்லாம் என்னை அக்கான்னு வச்சுக்கோ.

சரி, இனி நம் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு விடுவதைவைத்தே சபத்தீனோ என்று கண்டுகொண்டேன், சின்ன வயதில் திருடித் தின்றுவிட்டு அலமாரிக்குப் பின்னால் அப்படித்தான் மூச்சு விடுவான். "அத்தை, அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான். "உங்கப்பன் வாயே திறக்கலைடா, யார்ட்டயும்" என்றேன். "எங்கிட்ட கோவமா?" என்றான். "கோவம்னா திட்டுவானே, அதுக்கும் வாய் வேணுமே" என்றேன். பிறகு, "எனக்குத் தூக்கமே வரதில்ல அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஊருக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் பிள்ளை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாதா? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். கோர்ட்டில் ஒரு வாக்கியம் சொன்னாய், அதோடு மூடிக்கொண்டாய். திறந்தால் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம். அன்று பாட்டிலும் அதே பயம்தான் உனக்கு, இலைப்பாட்டில் பொய் நிற்காது என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உன்னை நான் எதையும் மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் எடுத்த முடிவு அது, எனக்குப் பிடிக்காவிட்டாலும் உன்னுடையது. ஆனால் பொய்யும் இல்லாமல் யாரையும் காட்டியும் கொடுக்காமல் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது தம்பி. பசிக்கிறது என்று சொல். குளிர்கிறது என்று சொல். கம்பளிச் சட்டை கை நீளம் என்று திட்டு. அதற்கெல்லாம் எந்த நீதிபதி வரப்போகிறார்?

இப்போது ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் என்னை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். தொண்டையில் இருப்பது ஒரு முடிச்சு, அதை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்த பிறகு பாட முடியுமா என்று கேட்டேன். டாக்டர் நல்ல மாதிரி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேசவாவது முடியுமா என்று கேட்டேன். அதற்குள் அந்தக் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் குரலை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார், பேச்சே கூடாதாம். கௌதியோசோ இதைக் கேட்டதும், "முப்பது வருஷமா நாங்க கும்பிட்டுக் கேட்ட வரம்" என்றான். சொல்லிவிட்டு வெளியே போய் வாசலில் நின்று, சுருதி சேர்ந்திருந்த கிதாரையே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எர்சீலியாவிடமும் கௌதியோசோவிடமும் இல்லை என்றேன், உன்னிடம்தான் சொல்கிறேன். கத்திக்குப் பயமில்லை. யாரும் இல்லை என்று தெரிந்தும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இந்த வீட்டுக்குள் நுழைவது என் வழக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திறக்கும்போது அது இல்லாமல் போய்விடும். அந்த அமைதியில் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

குழுவைப் பற்றிக் கவலைப்படாதே. போன ஒத்திகையில் எர்சீலியா முதல் குரல் எடுத்தாள். எழுதி வைக்காமல், முதல்தடவையாக, வாயில் வந்ததைப் பாடினாள், அந்தச் சோபாக் கம்பியைப் பற்றி. கௌதியோசோ பதில் சொன்னான், தாளமும் இல்லை சுரமும் இல்லை, ஆனால் கடைசிச் சொல்லைச் சரியாக எடுத்தான். நான் பறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டு பிழைத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு இருவரும் என் வீட்டுக்கு வருகிறார்கள், கௌதியோசோ விலாங்கு மீனை உயிரோடு கொண்டுவருகிறான், அதைப் பிடித்து வெட்டுவது யார் என்றுதான் இன்னும் தீரவில்லை. நீ இருந்தால் நீ வெட்டுவாய்.

இரண்டு எலுமிச்சையில் ஒன்றைத் தொண்டைக்காகப் பறித்துவிட்டேன். மற்றது செடியிலேயே இருக்கிறது, அதைத் தொட மாட்டேன்.

கேள் தம்பி. நீ பிறந்ததிலிருந்து நான்தான் கூப்பிட்டிருக்கிறேன், நீ பதில் சொல்லியிருக்கிறாய். சாப்பிட வா என்று மாடியிலிருந்து கூப்பிட்டதும் நான், மேடையில் எலுமிச்சை இலையே என்று எடுத்ததும் நான், சுவருக்கு வெளியே நின்றதும் நான். ஜனவரிக்குப் பிறகு நான் கூப்பிட முடியாமல் போகலாம். அப்போது நீதான் கூப்பிட வேண்டும். தொலைபேசியில் கூப்பிடு, நான் எடுத்ததும் யாரும் பேசவில்லை என்று வைத்துவிடாதே. நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ எந்தச் சொல்லில் முடித்தாலும் அதை நான் எடுத்துக்கொள்வேன், வாய் இல்லாவிட்டால் கையால் எடுத்துக்கொள்வேன். பறையைத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறேன், கீழ்வீட்டுக்காரர் கத்தினால் கத்தட்டும்.

நம் ஊர் ஆர்க்கோ மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும். உன் பக்கத்தில் நின்று உனக்காக வாய் திறந்த அந்த மனிதருக்கும் சேர்த்து நிற்கட்டும். இந்தத் தடவை நான் கடைசிச் சொல் எதுவும் வைக்கவில்லை. தொடங்கி மட்டும் வைக்கிறேன், மீதி உன்னுடையது.

உன் அக்கா
ரெஸ்தித்தூத்தா

எலுமிச்ச இலையே,